ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை

சஜீவனியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னால் அவளே சம்மதிக்க மாட்டாள். "என்னப் பத்தி எழுத என்னக்கா இருக்கு" என்பாள். பதுளையில் எங்கள் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் பெண், மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள், மழை என்றால் முகம் வெளிறிப் போகிறவள். தெரிந்தவர்கள் அவளைப் பற்றி இவ்வளவுதான் சொல்வார்கள். மழைக்கு ஏன் அப்படி வெளிறுகிறாள் என்பதை நான் சொல்ல முடியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவள் நான்தான்.

என் பெயர் லரீபா. அதே அலுவலகத்தில் கணக்கு வேலை. கணினியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிற ஆட்களைக் கண்டால் எரிச்சல் வரும். இப்போது அந்த எரிச்சல் கொஞ்சம் கூடியிருக்கிறது.

எங்கள் நிறுவனம் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே இருக்கும் மலைச்சரிவுகளைப் பார்த்துக்கொள்கிறது. கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்புவது, தாங்குசுவர் கட்டுவது, மண்ணில் வெடிப்பு விட்டிருந்தால் அதைக் கண்காணிப்பது என்று வேலைகள். எந்தத் தோட்டத்தில் எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு வெளிநாட்டு மென்பொருளில் பதிகிறார்கள். நாங்கள் அதை டிராக்கர் என்போம். ஒவ்வொரு லயத்துக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் லயத்தை விட்டு வெளியேற வேண்டும்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. டிராக்கர் ஆங்கிலத்தில் இருந்தது, அதைத் திறந்து பார்க்கும் அனுமதியும் உத்தியோகத்தர்களுக்கு மட்டும்தான். மலை சரிந்தால் யார் தலையில் விழுமோ அவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் நிறம் தெரியும். இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. சஜீவனிக்கு உறைத்தது.

அவள் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று சொன்னால்தான் அவள் செய்த காரியத்தின் கனம் விளங்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் தெருவைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்வாள். அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவள் திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அப்பா மத்தேயு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா சூசையம்மா கொழுந்து எடுக்கிறவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, பசறையில் உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பைத் தொடர்ந்து, பதுளைக்கு வந்து கணினி படித்தவள். கூட்டங்களில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் எங்கள் மேலாளர் ஷிரோமி மிஸ்ஸிடம் எழுந்து நின்று பேசினாள்.

"மிஸ், அந்த நெறம் மலைக்குக் கீழ படுக்கிறவங்களுக்குத்தான் தெரியணும். நமக்குத் தெரிஞ்சு நாம என்னங்க செய்யப்போறோம்?"

ஷிரோமி மிஸ் கெட்டிக்காரி. உடனே, "அப்ப நீயே ஒரு வழி செய்" என்று வேலையை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்.

அவள் செய்த வழி இதுதான். தமிழில் ஒரு சின்ன வலைப்பக்கம். அதைத் திறந்தால் உங்கள் லயத்தின் பெயர், அதன் நிறம், கீழே டிராக்கரில் இருக்கும் ஆங்கிலத்திலேயே ஒரு வரி விளக்கம். அவ்வளவே. அந்த நிறத்தையும் வரியையும் டிராக்கரிலிருந்து வலைப்பக்கத்துக்கு எடுத்து வர நடுவில் டிரைவர் என்று ஒரு மென்பொருளைப் பொருத்தினாள். அது வண்டி ஓட்டுகிற ஆள் இல்லை என்பதை எனக்கே ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் இருக்கும் டிராக்கரை ஒரு தரவுத்தளம் மாதிரி நினைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்கலாம். டிரைவர் கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலை வாங்கி வரும். கேட்பது மட்டுமல்ல, விரும்பினால் அதன் வழியாக அங்கே எழுதவும் முடியும். ஷிரோமி மிஸ் அதைத் தெரிந்துகொண்டதும் ஒரே நிபந்தனை போட்டார். வாசிக்கலாம், ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது.

பிறகு ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு போன் கொடுத்தார்கள். அது எந்த மகானின் யோசனையோ தெரியாது, அந்த போனில் வலைப்பக்கத்தைத் தவிர வேறெதுவும் திறக்காது. பிள்ளைகள் படம் பார்த்துவிடுவார்களாம். அதில் போட்ட சிம்மில் பேசவும் முடியாது. பேச முடியாத ஒரு பொருளுக்கு எதற்கு போன் என்று பெயர் என்று நான் அன்றே கேட்டேன். என் பேச்சை யார் எடுத்தார்கள்.

சஜீவனியின் அப்பா இருக்கும் லயத்துக்கான போன் அவரிடமே வந்து சேர்ந்தது. மனிதர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் போவார், கோயிலுக்குப் போவார், கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் திறந்து காட்டுவார். "எம் மக போட்டது" என்பார். முதலில் சோதித்துப் பார்த்த நாட்களில் நிறம் தாறுமாறாகத் தாவியது. ஒரு நாள் எல்லா லயமும் சிவப்பாகிவிட, மத்தேயு பாதிப் பேரைத் தெருவில் இறக்கிவிட்டார். சஜீவனிக்குப் பெரிய வெட்கமாகிவிட்டது. அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். நிறம் திடீரென்று மாறினால் பதறக்கூடாது, பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் அதே நிறத்தில் நின்றால்தான் கிளம்ப வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாராம்.

இன்னொரு தொல்லையும் வந்தது. டிராக்கரிடம் ஒரு நாளில் இவ்வளவு தடவைதான் கேட்கலாம் என்று ஓர் எல்லை உண்டு. மீறினால் பதில் சொல்லாது. இத்தனை லயத்து ஆட்களும் மழை நாளில் மாறி மாறித் திறந்தால் எல்லை தாண்டிவிடும். அதனால் டிராக்கரில் உள்ளதை நகல் எடுத்து வைத்து, வலைப்பக்கத்தை அந்த நகலிலிருந்து வாசிக்க விடும்படி டிரைவரை மாற்றியமைத்தாள். பக்கம் சட்டென்று திறந்தது. மலை உச்சியில் ஒற்றைக் கோடு சிக்னலிலும் திறந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

நகலை எப்போது புதுப்பிப்பது என்ற கேள்விக்கு அவள் யோசிக்கவே இல்லை. காலையில், பெரட்டு முடிந்ததும்.

லயத்தில் பிறந்து வளராத ஒருவர் அந்த வேலையைச் செய்திருந்தால் இந்த நேரம் மனதில் வந்திருக்காது. தோட்டத்தில் எந்தச் செய்தியும் காலைப் பெரட்டில்தான் வெளியே வரும். கங்காணி பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த நேரத்தில்தான் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக் கூரை ஒழுகுது, எந்த மலையில் மண் வெடித்திருக்கு என்பதெல்லாம் பேசப்படும். உத்தியோகத்தர்களும் அங்கே போய் நின்று கேட்டுத்தான் பதிவார்கள். அவள் பிறந்ததிலிருந்து ஒரு நாள் என்பது பெரட்டில்தான் தொடங்கியது. ஆகவே பெரட்டு நாட்களில், பெரட்டுக்குப் பின் புது நகல். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. அன்றைக்கு நகலும் இல்லை. இதில் பிழை இருப்பதாக அவளுக்கும் படவில்லை, சரிபார்த்த எங்களுக்கும் படவில்லை.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. சனிக்கிழமை இரவு முழுக்கக் கூரையில் கொட்டியது. ஞாயிறு காலையில் கணக்கை முடிக்க நான் அலுவலகம் வந்தேன். பூசை முடிந்து சஜீவனியும் வந்தாள். அவள் தங்கியிருந்த வீட்டில் மின்சாரம் போய்விட்டதாம். நனைந்த குடையை விரித்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "காலையில அம்மா பேசுனாங்கக்கா. முருகையா அண்ணன் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு மேல ஸ்கூலுக்குப் போயிரலாமான்னு கெளம்புனாராம். எங்கப்பா போனத் தொறந்து காட்டி, பச்சையா இருக்குல்ல, மழையில எங்க போற, பேசாம இருன்னு நிறுத்திட்டாராம்."

முருகையா லயத்தில் அவர்கள் அறைக்கு அடுத்த காம்பிராவில் இருக்கிறவர். "உன் அப்பாவுக்கு உன்ன விடப் பெருமை" என்று நானும் சிரித்தேன். அம்மாவின் போனில் சார்ஜ் முடிகிறது, கரண்ட் வந்ததும் எடுக்கிறேன் என்றாராம். அதோடு பேச்சு முடிந்தது.

மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம். றுஷாந்தனிடமிருந்து அழைப்பு வந்தது. மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களுக்குப் பொறுப்பான வெளிக்கள உத்தியோகத்தர் அவர். மழைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியதில் எனக்கும் கேட்டது.

"சஜீவனி, உங்க லயத்துக்கு மேல வெடிப்பு ரொம்ப அகண்டுருச்சு. நான் பாத்த கையோட சிவப்பு போட்டுட்டு அடுத்த தோட்டத்துக்கு வந்தேன். இப்ப நடுவுல ரோட்டுல மண் விழுந்து திரும்பிப் போக முடியல. அப்பா ஆளுங்கள வெளிய எடுத்துட்டாரான்னு கேட்டீங்களா?"

"எடுத்திருப்பாருண்ணே" என்றாள். சொல்லிக்கொண்டே வலைப்பக்கத்தைத் திறந்தாள். அவளுடைய லயம் பச்சையாக இருந்தது.

டிராக்கரைத் திறந்தாள். அங்கே சிவப்பு. மறுபடி வலைப்பக்கம். பச்சை. அவள் முகத்தில் இருந்த நிறம் போவதை நான் பார்த்தேன். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "என்ன புள்ள" என்றேன். "அக்கா, இது நேத்துப் பச்ச" என்றாள்.

அந்தப் பச்சையைக் காட்டித்தான் மத்தேயு ஒரு லயத்து ஆட்களை மழையில் வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தார்.

அம்மாவின் போனுக்கு எடுத்தாள். அணைந்திருந்தது. முருகையாவுக்கு எடுத்தாள். அதுவும் அணைந்திருந்தது. தோட்டத்து ஆசிரியர் ஒருவரின் இலக்கத்துக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அவள் டிரைவரின் அமைப்பைத் திறந்து நகலை நிறுத்தினாள். இனிப் பக்கம் நேராக டிராக்கரிலேயே வாசிக்கும். திறந்து பார்த்தாள். சிவப்பு வந்துவிட்டது. நான் பெருமூச்சு விட்டேன். "அல்ஹம்துலில்லாஹ், இனிப் பார்ப்பாரு" என்றேன்.

"பாக்குறாருக்கா" என்றாள். எந்த லயத்து போன் பக்கத்தைத் திறக்கிறது என்பது அவள் கணினியில் ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவளுடைய லயத்தின் பெயர் அதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தது. இன்னும் ஒரு தரம் வந்தது. மனிதர் உயிரோடு இருக்கிறார், போன் வேலை செய்கிறது, சிவப்பைப் பார்த்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் புள்ள, பார்த்துட்டாருல்ல?"

"கெளம்பலக்கா. உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு. பதறாம திரும்பத் திரும்பத் தொறந்து பாருங்கன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

லயத்தின் பெயர் மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவர் இன்னும் அந்தக் காம்பிராவுக்குள்தான் இருக்கிறார் என்று அர்த்தம். ஜன்னலுக்கு வெளியே பதுளை நகரமே தெரியவில்லை, அப்படி ஒரு மழை. மகள் சொன்ன சொல்லை மீறாமல் ஓர் அப்பா மலைக்கடியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை பேச எங்களுக்கு வழியில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் நிறத்துக்குக் கீழே அந்த ஒரு வரி விளக்கம். அது டிராக்கரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். றுஷாந்தன் அங்கே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், மத்தேயுவுக்கு அது புரியாது. டிரைவர் வழியாக அந்த வரியை மாற்றி எழுதினால் அவர் கையில் இருக்கும் போனில் தெரியும். எழுதக்கூடாது என்று சொல்லப்பட்ட இடம். அவள் என்னைப் பார்த்தாள். "எழுது புள்ள, வாறத நான் பார்த்துக்குறேன்" என்றேன். என்னால் ஒன்றையும் பார்த்துக்கொள்ள முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் எழுதினாள். "அப்பா, நெறத்தப் பாக்காதீங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு லயத்த விட்டு இப்பவே வெளிய வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அழுத்தினாள்.

ஒரு பதிவு மாறியது என்று திரையில் வர வேண்டும். வந்தது. பிறகு அந்த எண் கூடியது. மறுபடி கூடியது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

என்ன எழுத வேண்டும் என்று சொன்னவள், எந்த லயத்துக்கு என்று சொல்லும் வரியைப் போட மறந்துவிட்டாள். வேலை பழகாதவர்கள் செய்கிற பிழை என்று பிறகு ஷிரோமி மிஸ் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா என்று எழுதியாகிவிட்டது. அவளுக்கு இருப்பது ஒரே அப்பா. அதற்கு மேலும் முகவரி கேட்பார்கள் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்.

டிரைவர் ஒவ்வொரு லயமாகப் போய் அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தது. முதலில் சேர்த்த தோட்டம் முதலில். பூனாகலை, பிறகு பசறைப் பக்கம். மடுல்சீமை கடைசியாகச் சேர்த்தது, அதனால் கடைசியில்.

"நிறுத்து" என்றேன்.

அவள் விரல் விசைக்கு மேலே போய் நின்றது. "நிறுத்தினா அப்பாவுக்குப் போகாதுக்கா." முன்பு ஒரு தரம் இப்படிப் பாதியில் நிறுத்தப்போய் இணைப்பு மாட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை எதுவும் திறக்கவில்லை. அதை நானும் பார்த்திருக்கிறேன். ஓடவிட்டால் ஊவா முழுக்க ஒன்றுமில்லாத இடத்து ஆட்களையும் மழையில் இறக்கிவிடுவோம். அதோடு, டிராக்கரின் எல்லை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மடுல்சீமைக்குப் போய்ச் சேரும் முன் அது வாயை மூடிக்கொண்டால் எல்லாம் வீண். ஓரத்தில் அவளுடைய லயத்தின் பெயர் மறுபடி வந்தது. அவர் இன்னும் உள்ளே இருக்கிறார்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள், தன் கையையே நம்பாத மாதிரி. உதடு மட்டும் அசைந்தது. அருள்நிறைந்த மரியே என்று காதில் விழுந்தது. நானும் எனக்குத் தெரிந்ததை ஓதினேன். இப்படிப் பயந்தது என் வாழ்நாளில் இல்லை. என் பிள்ளை பிறந்தபோதும் இல்லை.

பசறை முடிந்தது. மடுல்சீமை தொடங்கியது. அவளுடைய லயத்துக்கு முந்திய லயம் மாறியது. அடுத்தது மாறியது. எண் நின்றது.

ஓரத்தில் அவளுடைய லயத்தின் பெயர் வந்தது. அப்பா பக்கத்தைத் திறந்திருக்கிறார். வரி இப்போது அவர் கண் முன்னால் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் வரவே இல்லை.

நாங்கள் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு லயங்களின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அது மட்டும் வரவில்லை. அவர் எழுந்து போய்விட்டார் என்றும் சொல்லலாம். மலை வந்துவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் கணினியில் அடையாளம் ஒன்றுதான். "போயிட்டாரு, அதான் பார்க்கல" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன். அவளுக்குப் பல் தந்தியடித்தது. என் முக்காட்டுத் துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினேன்.

தெருவில் விளக்குப் போடுகிற நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. அந்த ஆசிரியரின் இலக்கம். அவளால் எடுக்க முடியவில்லை. நான்தான் எடுத்துக் காதில் வைத்தேன். சூசையம்மாவின் குரல்.

"பாப்பா. லயம் போயிருச்சு பாப்பா. கடைசிப் பக்கம் நாலஞ்சு காம்பிரா, நம்மளுது, முருகையாது, எல்லாம் மண்ணுக்குள்ள."

"அப்பா?" என்று சஜீவனி என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"இருக்காரு. எல்லாரும் ஸ்கூல்லதான் இருக்கோம். போன வாசிச்சாரு, எந்திரிச்சாரு, ஒவ்வொரு கதவா ஒதச்சாரு. நாங்க மேல ஏறி வந்து கொஞ்ச நேரத்துல சத்தம் கேட்டுச்சு."

சஜீவனி தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் மற்ற லயங்களின் ஞாபகம் வந்தது.

அந்தச் சாயந்தரம் ஊவாவில் எங்கள் போன் இருந்த லயத்தில் எல்லாம் சனங்கள் வெளியே வந்திருந்தார்கள். நிறம் பச்சையாக இருந்தது. வரியைப் படித்துவிட்டு வந்தார்கள். சிலர் கோயிலில், சிலர் பள்ளிக்கூடத்தில், சிலர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுங்கினார்கள். வேறு எங்கும் மண் சரியவில்லை. திங்கட்கிழமை காலையில் திட்டு வாங்க நான் அலுவலக போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பசறைப் பக்கம் ஒருவர் கைக்குழந்தையோடு நனைந்ததாகச் சொல்லி என் பரம்பரையையே இழுத்தார். கேட்டுக்கொண்டேன். பிறகு பூனாகலையிலிருந்து அழகர் என்று ஒரு வயதானவர் பேசினார். திட்டவில்லை.

"அம்மா, எம் மக குவைத்துல வீட்டு வேல செய்யுதுங்க. நாலு மாசமா போன் இல்ல. அப்பான்னு எழுதியிருந்துச்சே. எங்க லயத்துக்கு மேல வெடிப்பு விட்டிருக்குன்னு அதுக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு?"

அது உங்கள் மகள் இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சுதானேங்க எழுதியிருக்கு. மழை நேரத்துல பத்திரமா இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஷிரோமி மிஸ் வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டில் காசு கொடுக்கிறவர்கள் விடிந்ததும் டிராக்கரைத் திறந்தால் எல்லா வேலைக்கும் ஒரே வரி, தங்களுக்குத் தெரியாத மொழியில். பழைய பதிவுகள் மென்பொருளுக்குள் பத்திரமாக இருந்ததால் மதியத்துக்குள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். சஜீவனி தானாகவே எழுந்து, ஞாயிற்றுக்கிழமை நகல் எடுக்காத விஷயத்தையும் சொன்னாள். மிஸ் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டார், நகலை அடிக்கடி புதுப்பிக்கச் சொன்னார், பேச முடியாத சிம்களை மாற்றச் சொன்னார். அந்தக் கடைசிக் காரியத்துக்கு ஒரு மலை சரிய வேண்டியிருந்தது.

ரோடு திறந்ததும் நானும் அவளோடு மேலே போனேன். பள்ளிக்கூடத்தில் வாங்குகளைத் தள்ளிவிட்டுப் பாய் விரித்துக் குடும்பங்கள் இருந்தன. முருகையாவின் பிள்ளைகள் கரும்பலகையில் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். மத்தேயு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எல்லோரும் கொஞ்சம் விலகிய பிறகு கேட்டார்.

"காலைல பச்சையா இருந்துச்சே பாப்பா. முருகையா புள்ளைகளத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டான். நான்தான் மறிச்சு நிறுத்துனேன். அது யாரு போட்ட பச்ச?"

"நான்தான்ப்பா. அது சனிக்கெழம பச்ச. ஞாயித்துக்கெழம பெரட்டு இல்லைன்னு அன்னைக்குப் புதுசா எடுக்கவே இல்ல."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி முருகையாவின் பிள்ளைகளைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து அந்த போனை எடுத்து, சாரத்தில் துடைத்து, அவள் கையில் வைத்தார்.

"இத முருகையாகிட்ட குடுத்துரு. எனக்கு வேணாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பசறை வரும் வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா இனித் தன்னை நம்ப மாட்டார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர்களுக்கு இப்போது வேறொரு லயத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னாலும் மலைதான். இந்த மழைக்காலம் தொடங்கிய அன்று பின்னேரம், நான் மேசையைப் பூட்டும் நேரத்தில், சூசையம்மாவின் போனிலிருந்து மத்தேயு எடுத்தார். அலுவலகத்தில் மழைச் சத்தம் காதை அடைத்தது, அதனால் சஜீவனி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, இங்க விடாமப் பெய்யுது. என்ன செய்யட்டும்?"

"முருகையா அண்ணன்கிட்ட போன் இருக்குல்லப்பா. அதுல பாக்கலையா?"

"பாத்தான். நான் ஒன்னக் கேக்குறேன்."

அவள் வலைப்பக்கத்தைத் திறந்தாள். டிராக்கரையும் திறந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அலுவலக போனிலிருந்து றுஷாந்தனுக்கு எடுத்துக் கேட்டாள். எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. அப்பா மறுமுனையில் பொறுமையாகக் காத்திருந்தார்.

"பச்சதான்ப்பா. இப்ப எடுத்த பச்ச. நானே பாத்துட்டேன்." இரண்டு பக்கத்தையும் இன்னொரு தரம் பார்த்தாள். "ஆனா எனக்குப் பயமா இருக்குப்பா."

"அப்பச் சரி" என்றார் மத்தேயு. அங்கே அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "ஏ முருகையா, புள்ளைகளக் கெளப்பு. பாப்பாவுக்குப் பயமா இருக்காம்."